இயல் 7: இரண்டு நிரல்கள், ஒரே மேசை – ஐதராபாத்தில் தரநிலை ஹேக்கத்தான்

ஹேக்கத்தான் என்றதும் நம் கல்லூரி மாணவர்களுக்கு நினைவுக்கு வருவது ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான். 2017இல் தொடங்கிய அந்தப் போட்டியில் 36 மணி நேரம் கண்விழித்து நிரல் எழுத வேண்டும், நடுவர்களிடம் காட்ட வேண்டும், வென்றால் பரிசு. இந்த இயலில் சொல்லப்போவது வேறு வகை. இணையத்தின் தரநிலைகளை எழுதும் ஐ.ஈ.டி.எஃப். அமைப்பு, 2015 மார்ச்சில் டாலஸ் நகரில் கூடியபோது முதல்முறையாகத் தன் கூட்டத்தோடு ஒரு ஹேக்கத்தானையும் நடத்தியது. அப்போதிருந்து கூட்டம் தொடங்குவதற்கு முந்தைய சனி, ஞாயிறில் அது நடந்துவருகிறது. கட்டணம் இல்லை, யாரும் வரலாம். சந்தையில் ஒன்றோடொன்று மோதும் நிறுவனங்களின் பொறியாளர்கள் அங்கே ஒரே மேசையில் அமர்ந்து ஒருவர் பிழையை ஒருவர் திருத்துகிறார்கள்.

அவர்கள் அங்கே தேடுவது இதைத்தான். ஒரு தரநிலை ஆவணத்தை, அதாவது ஓர் ஆர்.எஃப்.சி.யையோ அதன் வரைவையோ, இரண்டு பேர் தனித்தனியாகப் படித்துத் தனித்தனியாக நிரல் எழுதுகிறார்கள். பிறகு இரண்டையும் இணைத்துப் பார்க்கிறார்கள். பேசிக்கொண்டால் நல்லது. முட்டிக்கொண்டால், இரண்டில் ஒன்றில் பிழை இருக்க வேண்டும்; இல்லையென்றால் ஆவணத்தின் ஏதோ ஒரு வாக்கியம் இரு பொருள் தருகிறது. அந்த வாக்கியத்தைக் கையும் களவுமாகப் பிடிப்பதுதான் இரண்டு நாள் உழைப்பின் உச்சம். ஓர் ஆவணம் ‘இணையத் தரநிலை’ என்னும் இறுதிப் படியை எட்ட வேண்டுமானால், தனித்தனியே எழுதப்பட்ட குறைந்தது இரண்டு நிரல்கள் ஒன்றோடொன்று ஒத்து இயங்கிக் காட்ட வேண்டும் என்று 2011இல் வந்த ஆர்.எஃப்.சி. 6410 சொல்கிறது. ஆகவே உங்கள் அறையில் ஒரே நிரலின் இரண்டு பிரதிகள் இருந்தால் பயனில்லை. இரண்டு வெவ்வேறு கைகள் எழுதியவை வேண்டும். தேதி, அறை, வலை, ஆட்கள் என எல்லாவற்றையும் இந்த ஒரு தேவையை வைத்தே முடிவு செய்யுங்கள்.

எதை எடுப்பது?

ஐதராபாத்துக்கு இணையக் கூட்டங்கள் புதியவை அல்ல. 2008 டிசம்பரில் ஐ.நா.வின் இணைய ஆளுகை மன்றம், 2011 மார்ச் இறுதியில் உலகளாவிய வலை மாநாடு, 2016 நவம்பரில் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பின் 57ஆவது கூட்டம் ஆகிய மூன்றும் ஹைடெக் சிட்டி பக்கமுள்ள எச்.ஐ.சி.சி. மாநாட்டு மையத்தில் நடந்தன. அவை பெரிய அரங்கும் மேடையும் கொண்ட கூட்டங்கள். நிரல் எழுதுபவருக்கு இந்த ஊர் தரும் வளம் வேறு. பெயர்ப்பலகைகளில் தெலுங்கும் உருதும் ஆங்கிலமும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. செகந்திராபாத்தில் தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழ்கிறார்கள். தெலுங்கு, உருது, தமிழ் ஆகிய மூன்று எழுத்துமுறைகளைத் தாய்மொழி எழுத்தாகப் படிக்கக்கூடிய பொறியாளர்களை ஒரே அறையில் சேர்க்க இந்தியாவில் இதைவிடப் பொருத்தமான ஊர் குறைவு.

அதனால் முதல்முறை நடத்துபவர்களுக்கு என் பரிந்துரை: நம் மொழிகளில் இணைய முகவரியும் மின்னஞ்சல் முகவரியும். 2007இல் ஐகான் சோதனைக்காக இணையத்தின் வேர்ப்பட்டியலில் சேர்த்த 11 பெயர்களில் ‘பரிட்சை’ என்ற தமிழ்ப் பெயரும் ஒன்று. இன்று .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என மூன்று நாட்டுப் பெயர்கள் தமிழ் எழுத்திலேயே இருக்கின்றன. முகவரி கிடைத்துவிட்டது. அதை மறுக்காமல் வாங்கிக்கொள்ளும் மென்பொருள்தான் பல இடங்களில் இன்னும் இல்லை.

மாதிரிக்கு மூன்று பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள்: லக்‌ஷ்மி, கௌசல்யா, ஸ்ரீனிவாசன். மூன்றும் மூன்று விதமாக நிரலைச் சோதிக்கும்.

லக்‌ஷ்மி என்பதில் ‘க்’குக்கும் ‘ஷ’வுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்துக்குறி நிற்கலாம். இரண்டும் கூடி ஒற்றைக் கூட்டெழுத்தாகிவிடாமல் தடுப்பது அதன் வேலை. பிறமொழி முகவரிகளை ஆங்கில எழுத்துக்கு மாற்றுவதற்கான 2003இன் பழைய விதிப்படி அந்தக் குறியை நீக்கிவிட்டு முகவரியை மாற்றி எழுத வேண்டும். 2010இல் வெளியான புதிய விதிகளின்படி, புள்ளிக்குப் பின்னால் வந்தால் அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். பைத்தான் மொழியோடு கூடவே வரும் முகவரி மாற்றி பழைய விதியைப் பின்பற்றுகிறது. தனியாக நிறுவிக்கொள்ளும் ‘ஐடிஎன்ஏ’ நூலகம் புதிய விதியைப் பின்பற்றுகிறது. ஒரே பெயரை இரண்டுக்கும் கொடுங்கள். இரண்டு வெவ்வேறு முகவரிகள் வெளியே வரும். பயனர் தட்டியது ஒரு பெயர், போய்ச் சேர்வது இரண்டு வெவ்வேறு தளங்கள். முதல் நாள் காலையில் இந்த ஒரு சோதனையைத் திரையில் செய்து காட்டிவிட்டால், இரண்டு நாளும் என்ன செய்யப்போகிறோம் என்று அறையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தெலுங்கில் இந்தக் குறி இன்னும் முக்கியம். ‘சாஃப்ட்வேர்’ போன்ற கடன்சொற்களை அவர்கள் அன்றாடம் எழுதுவதே இதை நடுவில் வைத்துத்தான். எடுத்துவிட்டால் எழுத்துகள் ஒன்றின் கீழ் ஒன்று தொங்கிச் சொல்லின் உருவமே மாறிவிடும்.

கௌசல்யாவில் சிக்கல் வேறு. ‘கௌ’வின் வலப்பக்கத்தில் நிற்பது ஔகாரக் குறியின் ஒரு பகுதி. ஆனால் பலரும் ‘கெ’ போட்டு, பக்கத்தில் ‘ள’ போட்டுவிடுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு முற்றிலும் வேறு. யூனிகோடின் சீராக்க விதி இந்த இரண்டையும் ஒன்றாக்காது. ‘கொ’வில் கொம்பையும் காலையும் தனித்தனியே தட்டினால் அதே விதி சேர்த்து ஒன்றாக்கிவிடும். எதைச் சேர்க்கும், எதைச் சேர்க்காது என்ற பட்டியலைத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவர்தான் தயாரிக்க முடியும். ஸ்ரீ இன்னும் நுட்பமானது: ‘ஸ’வில் தொடங்கியும் எழுதலாம், யூனிகோடில் பின்னாளில் சேர்ந்த ‘ஶ’வில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம்தான்.

உருது மேசையிலும் இதே கதை உண்டு. அரபு ‘யே’யும் உருது ‘யே’யும் சொல்லின் நடுவில் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் எண்கள் வேறு. இந்த மூன்று மேசைகளையும் பக்கத்துப் பக்கத்தில் போடுங்கள். ஒருவர் கண்டுபிடித்த பிழை மற்றவர் எழுத்திலும் ஒளிந்திருக்கும்.

மின்னஞ்சல் என்றால் சங்கிலி நீளம். தமிழ் முகவரியோடு ஓர் அஞ்சல் கிளம்பும்போது, அனுப்பும் சேவையகம் முதலில் எதிர்ச் சேவையகத்துக்கு வணக்கம் சொல்லும். பதிலாக அது தன் திறன்களை வரி வரியாகப் பட்டியலிடும். அந்தப் பட்டியலில் ‘எஸ்எம்டிபியூடிஎஃப்8’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். 2012இன் ஆர்.எஃப்.சி. 6531 இந்த வரியை வரையறுத்தது. வரி இல்லையென்றால் அஞ்சலைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். முகவரியை ஆங்கிலத்துக்கு மாற்றி ஒப்பேற்றும் பழைய சோதனை முறை கைவிடப்பட்டுவிட்டது. ஜிமெயில் 2014 ஆகஸ்ட் முதல் இத்தகைய முகவரிகளோடு அஞ்சல் பரிமாறிக்கொள்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் 2015இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து ஏற்கிறது. ஆனாலும் பெரும்பாலான சோதனைகள் சேவையகம் வரை போகாமலே நின்றுவிடும். காரணம், பதிவுப் படிவத்தில் யாரோ எப்போதோ எழுதிவைத்த முகவரிச் சரிபார்ப்பு வரி. ஆங்கில எழுத்து இல்லாத எதையும் அது ‘தவறான முகவரி’ என்று துரத்திவிடும். இந்த வரிகளைத் திறமூல நூலகங்களில் தேடித் திருத்தி அனுப்புவது புதியவர்களுக்கு மிக நல்ல முதல் வேலை. ஒரே பிற்பகலில் முடியும், உலகத்துக்கே பயன்படும்.

தேதி

ஐ.ஈ.டி.எஃப். ஆண்டுக்கு மூன்று முறை கூடுகிறது: மார்ச், ஜூலை, நவம்பர். ஒவ்வொரு கூட்டத்துக்கும் இரண்டு வாரம் முன்னதாக, ஒரு திங்கட்கிழமையோடு வரைவுகளை ஏற்பதை நிறுத்திவிடுவார்கள். உங்கள் கண்டுபிடிப்பு வரைவில் ஏற வேண்டுமானால் அந்தத் திங்களுக்கு ஒரு வாரமாவது முன்னால் ஹேக்கத்தான் முடிந்திருக்க வேண்டும். நவம்பர் கூட்டத்துக்கு என்று கணக்குப் போட்டால் தசராவும் தீபாவளியும் குறுக்கே வரும். ஜூலைக்கு என்றால் ஜூனில் வைக்க வேண்டும். அந்த மாதத்தில் கல்லூரிகள் அப்போதுதான் திறந்திருக்கும். மார்ச் கூட்டத்தைக் குறிவைத்துப் பிப்ரவரி முதல் பாதியில் வைப்பதே எல்லா வகையிலும் உத்தமம். வெயில் ஏறியிருக்காது, மழை இருக்காது, மாணவர்களும் ஊரில் இருப்பார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் வைப்பதாக இருந்தால் விநாயகர் கரைப்பு நாளை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று ஹுசைன் சாகரை நோக்கிச் செல்லும் சாலைகள் எல்லாம் ஊர்வலத்துக்குத்தான்.

வேறொரு வழியும் உண்டு. ஐ.ஈ.டி.எஃப். ஹேக்கத்தான் நடக்கும் அதே சனி, ஞாயிறில், ஐதராபாத்தில் ஓர் அறையைத் திறந்து தொலைவிலிருந்தே கலந்துகொள்வது. இதற்கு நல்ல முன்னோடி மொரீஷியஸ். 2018 மார்ச்சில் லண்டனில் ஹேக்கத்தான் நடந்தபோது ‘ஹேக்கர்ஸ்.எம்யூ’ என்ற சிறு குழு தங்கள் தீவிலேயே உட்கார்ந்து, அப்போது வரைவாக இருந்த டிஎல்எஸ் 1.3 நெறிமுறைக்கான ஆதரவைத் திறமூல மென்பொருள்களில் சேர்த்தது. அந்த நெறிமுறை அதே ஆண்டு ஆகஸ்டில் ஆர்.எஃப்.சி. 8446 ஆக வெளிவந்தது. பெரிய நிறுவனத்தின் பின்பலமோ விமானச் சீட்டோ இல்லாமல் தரநிலையின் பக்கங்களுக்குள் நுழைய முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. ஐரோப்பாவில் நடந்தால் அவர்களுடைய காலை நமக்கு நண்பகலை ஒட்டி வரும், வசதி. அமெரிக்காவில் என்றால் இரவு முழுக்க விழித்திருக்க நேரும்; அப்போது இந்த வழி வேண்டாம்.

இடமும் பணமும்

நாற்பது பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். அந்த அளவுக்கு மாநாட்டு மையம் தேவையில்லை. கச்சிபவுலியில் 1998 முதல் இயங்கும் ஐ.ஐ.ஐ.டி. போன்ற ஒரு கல்வி நிறுவனத்தின் ஆய்வகமோ, ராயதுர்கத்தில் 2022இல் திறந்த டி-ஹப் கட்டடத்தைப் போன்ற இடமோ போதும். கல்லூரி என்றால் ஓர் ஆசிரியர் பொறுப்பேற்றுக் கடிதம் தர வேண்டும். ஞாயிறன்று வாயில் திறந்திருக்குமா, மின்தூக்கி ஓடுமா, குளிர்சாதனம் போடுவார்களா என்பதை அந்தக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள். ராயதுர்கம் வரை மெட்ரோ இருக்கிறது, அங்கிருந்து ஆட்டோதான்.

வெளியூர், வெளிநாட்டு விருந்தினர் வந்தால் கைச்செலவைப் பற்றி யோசியுங்கள். ஐகானின் 57ஆவது கூட்டம் 2016 நவம்பர் 3 முதல் 9 வரை நடந்தது. 8ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. உலகெங்கும் இருந்து வந்தவர்கள் ஊர் திரும்பவிருந்த நேரம் அது. அப்படி ஒன்று திரும்ப நடக்காமல் போகலாம். ஆனால் இன்றும் வெளிநாட்டு அட்டையை வைத்துக்கொண்டு ஆட்டோக்காரருக்கும் தேநீர்க் கடைக்கும் பணம் கொடுக்க எளிய வழியில்லை. நம் கியூஆர் பலகைகள் அவர்களுக்கு எளிதில் உதவுவதில்லை. போக்குவரத்தை நீங்களே ஏற்பாடு செய்துவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி இரண்டே வரி. இரானி சாயும் உஸ்மானியா பிஸ்கட்டும் நாள் முழுக்கத் தடையில்லாமல் வரட்டும். பிரியாணியை இரண்டாம் நாள் வேலை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

வலை

பெரும்பாலான ஹேக்கத்தான்கள் சறுக்குவது இங்கேதான். விடுதிகளிலும் வளாகங்களிலும் கொடுக்கும் விருந்தினர் வைஃபையில் ஒரு மடிக்கணினியால் இன்னொன்றைப் பார்க்க முடியாது. பாதுகாப்புக்காக அப்படித் தடுத்திருப்பார்கள். மற்ற ஹேக்கத்தான்களுக்கு அது பொருட்டே இல்லை, எல்லோரும் மேகக் கணினியில்தான் வேலை செய்வார்கள். நமக்கோ இரண்டு மடிக்கணினிகள் நேருக்கு நேர் பேசுவதுதான் நிகழ்ச்சியே. ஆகவே உங்கள் சொந்த வலையைப் போடுங்கள். ஒரு 48 போர்ட் சுவிட்ச், மேசைக்கு நான்கு ஈதர்நெட் கேபிள், ஒரு ரவுட்டர், இரண்டு அக்சஸ் பாயின்ட். புதிய மடிக்கணினிகளில் கேபிள் செருக இடம் இருக்காது. யூஎஸ்பி அடாப்டர் பத்தாவது வாங்கிவையுங்கள். சுவிட்சும் ரவுட்டரும் யூபிஎஸ்ஸில் இருக்கட்டும். மின்சாரம் ஒரு நொடி போய் வந்தாலும் ஓடிக்கொண்டிருந்த சோதனையெல்லாம் மறுபடி தொடக்கத்துக்குப் போய்விடும்.

அறைக்குள்ளேயே ஒரு டிஎன்எஸ் சேவையகம் வையுங்கள். ‘டெஸ்ட்’ என்று முடியும் முகவரிகள் சோதனைக்கென்றே 1999இல் ஆர்.எஃப்.சி. 2606 வழியாக ஒதுக்கப்பட்டவை. பொது இணையத்தில் அவை ஒருபோதும் இருக்காது. எந்தப் பெயரையும் விலைக்கு வாங்காமல் அதன்கீழ் தமிழிலும் தெலுங்கிலும் உருதிலும் நூறு பெயர்களை உருவாக்கிக்கொள்ளலாம். அஞ்சல் சோதனை முழுக்க அறைக்குள்ளேயே நடக்கட்டும். அஞ்சல் சேவையகங்கள் பேசும் 25ஆம் எண் போர்ட்டை மேகக் கணினி நிறுவனங்களும் இணையச் சேவையாளர்களும் பெரும்பாலும் வெளியே விடுவதில்லை. இதை முதல் நாள் காலையில் கண்டுபிடித்தால் அரை நாள் போச்சு. சான்றிதழ்களுக்கு உங்கள் சொந்தச் சான்றளிப்பகம் ஒன்றை முந்தைய வாரமே அமைத்து, அதை நிறுவும் முறையை அரைப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். நாற்பது பேர் ஒரே நேரத்தில் டாக்கர் படிமங்களை இறக்கினால் எந்த வலையும் படுத்துவிடும். தேவையானவற்றை ஒரு கணினியில் பிரதியெடுத்து உள்ளேயே பகிருங்கள். இரண்டு அக்சஸ் பாயின்ட்டில் ஒன்று ஐபிவி6 மட்டும் தரட்டும். கைபேசி வழி இணையத்தில் ஐபிவி6 வெகுவாகப் பரவியிருக்கும் நாடு நம்முடையது, அதில் ஓடாத நிரல் இங்கே பாதி நிரல்தான்.

ஆட்கள்

ஒவ்வொரு மேசைக்கும் ஒரு பொறுப்பாளர் தேவை. அவர் அந்தத் தரநிலையைத் தானே நிரலாக்கியவராக இருக்க வேண்டும், பதவி முக்கியமில்லை. மேசைக்கு ஐந்து பேர்: இரண்டு தனித்தனி நிரல்களைத் தெரிந்த இருவர், எழுத்துமுறை தெரிந்த ஒருவர், புதியவர்கள் இருவர். எழுத்துமுறை தெரிந்தவர் நிரலாளராக இருக்க வேண்டும் என்பதில்லை. பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர், எழுத்துரு வடிவமைப்பவர், விக்கிப்பீடியாவில் எழுதுபவர் எல்லோரும் பொருந்துவார்கள். கௌவும் கெளவும் வேறு என்பதை அவர்கள் கண் முதல் பார்வையிலேயே பிடித்துவிடும்.

புதியவர்களைக் கூட்டிவந்து இரண்டு நாள் வேடிக்கை பார்க்கவைக்காதீர்கள். இரண்டு வாரம் முன்பே அவர்களுக்கு ஆர்.எஃப்.சி.யில் எந்தப் பிரிவைப் படிக்க வேண்டும் என்று சொல்லுங்கள். முழு ஆவணமும் வேண்டாம், நாலைந்து பக்கம் போதும். படித்துவிட்டுப் புரியாத மூன்று வாக்கியங்களை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அந்த வாக்கியங்களிலிருந்தே உங்கள் சோதனைப் பட்டியலின் ஒரு பகுதி உருவாகிவிடும். அனுபவசாலி ஊகித்துக் கடந்துபோகும் இடத்தில் புதியவர் நின்றுவிடுவார். நாம் தேடுவது அந்த இடத்தைத்தான்.

தொடக்கத்தில் பத்து நிமிடம் உரிமைகளைப் பற்றிப் பேசுங்கள். ஐ.ஈ.டி.எஃப். வேலையில் ஒருவர் பங்களிக்கும் கருத்துக்குத் தன்னிடமோ தன் நிறுவனத்திடமோ காப்புரிமை இருப்பது தெரிந்தால் அதைச் சொல்லியாக வேண்டும், விதி ஆர்.எஃப்.சி. 8179இல் இருக்கிறது. நிறுவனப் பொறியாளர்கள் தங்கள் மேலாளரிடம் முன்பே கேட்டுக்கொண்டு வரட்டும். படம் எடுக்கப்படுவதை விரும்பாதவர்களுக்குச் சிவப்புக் கழுத்துப்பட்டை கொடுங்கள்.

இரண்டு நாள்

சனி காலை 9.30க்குத் தொடங்கி, தொடக்க உரைகள் எல்லாம் பத்துக்குள் முடியட்டும். விருந்தினர் உரை, குத்துவிளக்கு, சால்வை எதுவும் வேண்டாம். மதியத்துக்குள் எல்லா மேசைகளிலும் முதல் இணைப்பு நடந்திருக்க வேண்டும், தோற்றாலும் பரவாயில்லை. சுவரில் ஒரு பெரிய கட்டம் வரையுங்கள். குறுக்கே நிரல்களின் பெயர், நெடுக்கே சோதனைகள், ஒவ்வொரு கட்டத்திலும் பச்சையோ சிவப்போ. குவிக் நெறிமுறை 2021இல் ஆர்.எஃப்.சி. 9000 ஆக வெளிவருவதற்கு முந்தைய ஆண்டுகளில் அதன் நிரலாளர்கள் இப்படிப்பட்ட கட்டத்தைத்தான் மாதக்கணக்கில் நிரப்பினார்கள். சிவப்புக் கட்டத்துக்குப் பக்கத்தில் காரணத்தையும் எழுதுங்கள்: எந்த ஆவணம், எந்தப் பிரிவு, எந்த வாக்கியம்.

இரவு எட்டுக்கு அறையை மூடிவிடுங்கள். தூக்கம் கெட்டவர் எழுதும் நிரல் தரநிலைக்கு உதவாது. ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு வேலையை நிறுத்தி, மேசைக்கு மூன்று நிமிடம்: என்ன செய்ய நினைத்தோம், என்ன நடந்தது, ஆவணத்தில் எது மாற வேண்டும். பரிசு வேண்டாம். ஒரு மேசைக்குப் பரிசு கொடுத்தால் பக்கத்து மேசைக்குப் பிழையைச் சொல்லித்தர யாருக்கும் மனம் வராது.

திங்கட்கிழமைக்குள்

கண்டவற்றை மூன்றாகப் பிரியுங்கள். நிரலில் பிழை என்றால் அந்தத் திட்டத்தின் களஞ்சியத்தில் திருத்தமாக அனுப்புங்கள். சோதனையையும் கூடவே சேர்த்தால் ஏற்கும் வாய்ப்பு அதிகம். வெளிவந்த ஆர்.எஃப்.சி.யில் பிழை என்றால் பிழைத்திருத்தமாகப் பதிவு செய்யுங்கள். யாரும் பதியலாம், அதை ஏற்பதா, அடுத்த பதிப்புக்கு நிறுத்திவைப்பதா, மறுப்பதா என்று ஐ.ஈ.டி.எஃப். பொறுப்பாளர்கள் முடிவு செய்வார்கள். வரைவாக இருக்கும் ஆவணம் என்றால் ஆசிரியர்களுக்கும் பணிக்குழுவுக்கும் எழுதுங்கள். எந்தெந்த நிரல்கள் இந்த வரைவை எந்த அளவுக்குச் செயல்படுத்தியிருக்கின்றன என்று வரைவிலேயே ஒரு பிரிவு சேர்க்கும்படி ஆர்.எஃப்.சி. 7942 பரிந்துரைக்கிறது. உங்கள் அறையில் ஓடிய நிரல்களுக்கு அதில் இடம் கேளுங்கள்.

மேசைக்கு ஒருவரை இதற்கென்று ஞாயிறு மாலையே பெயர் சொல்லி நியமித்துவிடுங்கள். பொதுவாக விட்டால் யாரும் எழுத மாட்டார்கள். அடுத்த ஐ.ஈ.டி.எஃப். கூட்டத்தில் தொலைவிலிருந்து கலந்துகொள்ளப் பதிவு செய்யும்போது, பணம் கட்ட இயலாதவர்கள் கட்டண விலக்குக் கேட்கலாம். பணிக்குழுத் தலைவர்களுக்கு முன்கூட்டியே எழுதி, உங்கள் முடிவுகளைச் சொல்ல ஐந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். அந்த ஐந்து நிமிடத்தை மேசையிலிருந்த புதியவர் ஒருவரிடம் கொடுங்கள்.